423 கட்டினான், கடன் 40 ஏறியது: ஒரு முதல் கிரெடிட் கார்டின் நான்கு பில்கள்

அக்டோபர் இரண்டாவது வாரம் என் அக்கா மகன் போன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, மாசாமாசம் அவங்க கேட்ட பணத்தைக் கட்டிட்டுத்தான் வர்றேன், ஒரு நாள்கூட லேட் இல்ல, ஆனா கடன் ஏறிட்டே போகுது. அவங்க கணக்குல ஏதோ தப்பு இருக்கு, அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான். எல்லா ஸ்டேட்மென்ட்டையும் அனுப்பச் சொன்னேன். ஒரு சாயங்காலம் முழுக்க காகிதமும் பேனாவும் கால்குலேட்டருமாக உட்கார்ந்து பார்த்ததில் ஒரு தப்பும் அகப்படவில்லை. கணக்கு சுத்தமாக இருந்தது, அதுதான் வயிற்றைக் கலக்கியது.

அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம், கார்டு கொடுத்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். தொகைகளை வெறும் எண்ணாகவே தருகிறேன், எந்த நாட்டுப் பணமாக வைத்துப் படித்தாலும் கணக்கு மாறப்போவதில்லை.

கார்டு வந்த கதை

கல்லூரி விழாவில் ஒரு மேசை போட்டிருந்தார்களாம். விண்ணப்பம் நிரப்பினால் தோளில் மாட்டும் பை ஒன்று இலவசம். இவன் நிரப்பினான், பை வந்தது, மூன்று வாரத்தில் கார்டும் வந்தது. பையின் ஜிப் இரண்டாம் மாதமே பிய்ந்துபோனது. (அமெரிக்காவில் 2009இல் கொண்டுவந்த கிரெடிட் கார்டு சட்டம், கல்லூரி வளாகத்திலோ அதன் பக்கத்திலோ இப்படிப் பொருளைக் காட்டி மாணவர்களை விண்ணப்பிக்க வைப்பதைத் தடை செய்தது. 21 வயது ஆகாதவர் என்றால் சொந்த வருமானம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் 21 வயது நிரம்பிய ஒருவர் உடன் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஒரு பைக்கு எவ்வளவு வலிமை என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.)

லிமிட் 20,000. அவனுடைய சொந்த வருமானம், சாயங்காலம் டியூஷன் எடுத்துச் சம்பாதிப்பது, மாதம் 3,000, அது 20ஆம் தேதி வாக்கில் கைக்கு வரும். விடுதிக்கும் படிப்புக்கும் வீட்டில் கட்டிவிடுகிறார்கள். ஆக, அவன் சம்பாத்தியத்தில் ஆறு மாதத்துக்கும் மேலான பணத்தை யாரோ ஒருவர் நம்பிக் கடனாகக் கொடுக்கத் தயாராக இருந்தார். அதை அவன் மரியாதையாக எடுத்துக்கொண்டான். நானும் அந்த வயதில் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கார்டை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டதற்கு, "கேஷ்பேக் மாமா, 1 சதவீதம்" என்றான். சரி, கணக்குப் போடுவோம். மாதம் 2,000 வீதம் வருடத்துக்கு 24,000 கார்டில் போனால் திரும்பி வருவது 240. ஆண்டுக் கட்டணம், முதல் வருடம் கிடையாது, இரண்டாம் வருடத்திலிருந்து 500. 240 வாங்க 500 கொடுக்கும் திட்டம் அது. விண்ணப்பத்தாளில் 1 சதவீதம் பெரிய எழுத்திலும், ஆண்டு வட்டி 36 சதவீதம் பின்பக்கத்திலும் இருந்தது.

ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே இன்னொரு வழியும் அவனுக்கு இருந்தது. ஒரு தொகையை டெபாசிட்டாகப் போட்டு, அதை ஈடாக வைத்து, அதைவிடக் கொஞ்சம் குறைவான லிமிட்டில் கார்டு வாங்குவது, ஆண்டுக் கட்டணம் இல்லாமல். 5,000 போட்டால் 4,500 லிமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சொந்தப் பணத்தைப் போட்டு எதுக்கு மாமா கடன் வாங்கணும்?" என்று அதை ஒதுக்கிவிட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் முதல் கார்டு வாங்குவது கடனுக்காக இல்லை, வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்ற பதிவை, அதாவது கடன் வரலாறு என்று ஒன்றைத் தொடங்குவதற்கு. அதற்கு 4,500 லிமிட் தாராளம். டெபாசிட்டில் இருக்கும் பணம் முடங்கிக் கிடக்கும் என்பது குறைதான், மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, முதல் சறுக்கல்

இவன் கார்டில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி பில் போடுவார்கள், கட்டவேண்டிய கடைசி நாள் 25. அதாவது 6ஆம் தேதி வாங்கிய பொருளுக்கு அடுத்த மாதம் 25 வரை, ஏறக்குறைய 50 நாள், வட்டியில்லாமல் அவகாசம். 5ஆம் தேதியே வாங்கினால் 20 நாள்தான். இந்த அவகாசம் ஒரு சலுகை, அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் கெடுவுக்குள் கட்ட வேண்டும். மே, ஜூன், ஜூலை பில்களை இவன் முழுதாகக் கட்டினான். ஒரு காசு வட்டி இல்லை. மூன்று மாதம் கார்டு நண்பனைப் போல இருந்தது.

ஜூலை 9ஆம் தேதி லேப்டாப் மதர்போர்டு போய்விட்டது, சரிசெய்ய 7,000. ஜூலை 20இல் சில்லறைச் செலவுகள் 1,460. ஆகஸ்ட் 5 பில்லில் மொத்தம் 8,460. அதற்குக் கீழே, இன்னொரு பெட்டியில், 'குறைந்தபட்சத் தொகை 423', அதாவது 5 சதவீதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஆகஸ்ட் 24 அன்று அவன் நிலைமை இது: சேமிப்புக் கணக்கில் 6,000, கையில் டியூஷன் பணம் 2,800. இரண்டையும் சேர்த்தால் 8,800. பில்லை முழுதாகக் கட்டிவிட்டு 340 மிச்சம் வைத்திருக்கலாம். கட்டவில்லை. ஏன்டா என்றேன். "அது அவசரத்துக்குன்னு வச்சிருக்கேன் மாமா. அவங்களே 423 போதும்னு சொல்றப்ப எதுக்கு அதை உடைக்கணும்?"

போதும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் செயலியைத் திறந்தால் இரண்டு பட்டன், மேலே 423, கீழே 8,460, மேலே உள்ளது ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கிறது. கல்லூரிக் கட்டணம் இவ்வளவு என்றால் அவ்வளவு கட்டுகிறோம், மின்கட்டணம் இவ்வளவு என்றால் அவ்வளவு கட்டுகிறோம், கேட்டதைக் கட்டினால் கடமை முடிந்தது என்றே பழகிய பையனுக்கு, இது கேட்ட தொகை இல்லை, தாமதக் கட்டணம் போடாமல் விடுவதற்கான தொகை மட்டும்தான் என்று எப்படித் தெரியும்? ஸ்டேட்மென்ட்டின் மூன்றாம் பக்கத்தில், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர மாதங்களோ வருடங்களோ ஆகும், வட்டி கூடிக்கொண்டே போகும் என்று ஒரு வரி இருக்கத்தான் செய்தது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இப்படி எச்சரிக்கை போடுவது கட்டாயம். மூன்றாம் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

இவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வார்விக் பல்கலைக்கழகத்தின் நீல் ஸ்டூவர்ட் 2009இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரு மாதிரி பில்லை ஒரு சாராருக்குக் குறைந்தபட்சத் தொகையோடும் இன்னொரு சாராருக்கு அது இல்லாமலும் காட்டி, எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டார். முழுதாகக் கட்டாதவர்களில், அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தவர்கள் சொன்ன தொகை கணிசமாகக் குறைவு. அந்த எண் கண்ணில் பட்டாலே மனது அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

செப்டம்பர் 5, கணக்கு திரும்பிய இடம்

423 கட்டியாகிவிட்டது. அடுத்த பில்லில் வட்டி 463.

மறுபடி படியுங்கள்: கட்டியது 423, வட்டி 463. பழைய கடன் 8,460 இல் இருந்து 8,500 ஆகிவிட்டது, அவன் புதிதாக எதுவுமே வாங்காமல் இருந்திருந்தாலும். எப்படி? முழுத்தொகை கட்டாததால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை ரத்து. வட்டி ஆகஸ்ட் 25இல் தொடங்கவில்லை, பொருள் வாங்கிய நாளுக்கே பின்னோக்கிப் போய்விட்டது. 7,000க்கு ஜூலை 9 முதல் செப்டம்பர் 5 வரை 58 நாள். 1,460க்கு ஜூலை 20 முதல் 47 நாள். ஆகஸ்ட் 24இல் கட்டிய 423க்கு 12 நாள் தள்ளுபடி. 36 சதவீதத்தை 365ஆல் வகுத்து வரும் அன்றாட விகிதத்தால் பெருக்கினால் 463. நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். (வட்டி போடும் முறை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். அமெரிக்காவில் கெடுவுக்குள் கட்டிய பகுதிக்கு வட்டி சேர்க்கக்கூடாது. மீதிக்கு உண்டு.)

அதைவிட யாருக்கும் தெரியாத விஷயம் அடுத்த வரியில் இருந்தது. ஆகஸ்ட் 10இல் வாங்கிய 1,150க்கும் 26 நாள் வட்டி, 29. கெடு தேதியே வராத புதுச் செலவுக்கு ஏன் வட்டி? பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் அவகாசம் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே மீட்டர் ஓடும். பாக்கி வைத்தவர்கள் முதலில் செய்யவேண்டியது கார்டை எடுத்து அலமாரியில் வைப்பது என்று சொல்வது இதனால்தான், ஒழுக்கத்துக்காக இல்லை.

அந்த 1,150 இவனுடைய செலவே இல்லை என்பது தனிக் கதை. "நீ கார்டுல போடுடா, நான் கையில தர்றேன்" என்று நண்பன் ஒருவன் பயண டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறான். நல்ல பையன், மறுநாளே ரொக்கமாகக் கொடுத்துவிட்டான். அந்த ரொக்கம் இவன் பாக்கெட்டில் இரண்டு வாரத்தில் கரைந்தது, டிக்கெட் கடன் கார்டிலேயே நின்றது. நண்பர்களுக்குக் கார்டைத் தேய்க்கும் எல்லோருக்கும் இது நடக்கும், நண்பன் ஏமாற்றுவதால் இல்லை, திருப்பித் தருவதால். வந்த பணத்தை அன்றைக்கே கார்டில் கட்டினால் ஒன்றும் இல்லை. கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் பில் மொத்தம் 9,679. இவன் அப்போதும் எனக்குச் சொல்லவில்லை. 25ஆம் தேதி குறைந்தபட்சம் 484 கட்டினான்.

ஏடிஎம்

செப்டம்பர் 12 அன்று கையில் காசில்லை. கார்டை ஏடிஎம்மில் செருகி 1,000 எடுத்தான். கட்டணம் 250. அந்த நிறுவனத்தில் ரொக்கத்துக்கு ஒரு சதவீதம் அல்லது குறைந்தது 250, எது அதிகமோ அது. ஆயிரத்துக்கு 250 என்றால் எடுத்த நிமிடமே கால் பங்கு போயிற்று. அதோடு ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலம் என்பது எப்போதுமே கிடையாது, முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவருக்கும் கிடையாது. இதில் விளக்க வேறொன்றும் இல்லை, கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போடாதீர்கள்.

அன்றைக்கும் சேமிப்புக் கணக்கில் 6,000 பத்திரமாக இருந்தது! டெபிட் கார்டும் பர்ஸில்தான் இருந்தது. கேட்டால் அதே பதில், அவசரத்துக்கு.

அக்டோபர் 5, பிறகு நவம்பர்

அக்டோபர் பில்: 9,679 இல் 484 கழித்து, ஏடிஎம் 1,250 சேர்த்து, வட்டி 310 ஏற்றி, 10,755. அப்போதுதான் போன் வந்தது.

முதலில் அவனுக்கு ஒன்றைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். செப்டம்பரில் இருந்த பழைய பாக்கி 8,500ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, இனி கார்டைத் தொடவே மாட்டேன், மாதம் 5 சதவீதம் மட்டும் ஒழுங்காகக் கட்டுவேன் என்று இருந்தால், ஒரு வருடத்தில் 4,500 போலக் கட்டியிருப்பான், கடன் 1,950 போலத்தான் குறைந்திருக்கும். மாதம் 3 சதவீதம் வட்டி தின்றுவிட, கட்டும் 5இல் 2 சொச்சம்தான் கடனைத் தொடுகிறது. இதைப் பார்த்த பிறகு சேமிப்பைத் தொடச் சொல்லி நான் வற்புறுத்தத் தேவைப்படவில்லை. 36 சதவீதக் கடன் ஒரு பக்கம் எரியும்போது, பெயருக்கு வட்டி தரும் கணக்கில் 6,000 தூங்குவது சேமிப்பு இல்லை என்று அவனே சொன்னான்.

6,000 அவன் போட்டான், மீதி 4,755 நான் கொடுத்தேன், மாதம் 951 வீதம் ஐந்து தவணை என்று பேச்சு. அக்டோபர் 15 அன்று 10,755 முழுதும் கட்டி முடித்தாயிற்று.

நவம்பர் 5 அன்று மறுபடி போன். "மாமா, 106 கேக்குறாங்க! எல்லாம் கட்டிட்டோமே!" அக்டோபர் 5இல் பில் போட்ட பின், 15ஆம் தேதி கட்டும்வரை அந்தப் பத்து நாளுக்கும் வட்டி ஓடியிருக்கிறது, அது அடுத்த பில்லில்தான் தெரியும். பாக்கி வைத்துப் பிறகு தீர்க்கும் எல்லோருக்கும் இந்த வால் வரும். கடன் தீர்ந்தது என்று நினைத்து இந்தச் சின்னத் தொகையைப் பார்க்காமல் விட்டு, தாமதக் கட்டணமும் வரலாற்றில் ஒரு கரும்புள்ளியும் வாங்கியவர்கள் உண்டு. கட்டினான்.

மொத்தக் கூட்டல்: செலவு 8,460, 1,150, 1,000, ஆக 10,610. கட்டியது 423, 484, 10,755, 106, ஆக 11,768. நடுவில் போனது 1,158. ஊதாரித்தனம் என்று சொல்ல ஒரு பொருள்கூட அந்தப் பட்டியலில் இல்லை, பழுதான லேப்டாப்பும் நண்பனின் டிக்கெட்டும்தான்.

மதிப்பெண் என்ன ஆயிற்று

கடன் வரலாற்றை வைத்துப் போடும் கிரெடிட் ஸ்கோர், இதுதான் அவனுடைய பெரிய பயம். உண்மையில் பெரிய சேதம் இல்லை, அதற்கு அந்தக் குறைந்தபட்சத் தொகைதான் காரணம், நன்றி சொல்ல வேண்டியதுதான். ஒரு கெடுவும் தவறவில்லை. அமெரிக்காவின் ஃபைகோ மதிப்பெண் 300 முதல் 850 வரை போகும், அதில் 35 சதவீத எடை காலத்தில் கட்டினோமா என்பதற்கு, 30 சதவீதம் எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு. இந்தியாவின் சிபில் 300 முதல் 900 வரை, பார்ப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். இவன் அடிபட்டது இரண்டாவதில்: 20,000 லிமிட்டில் 10,755 நின்றது, பாதிக்கு மேல். அது நிரந்தரத் தழும்பு இல்லை, பாக்கி இறங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் மதிப்பெண் ஏறும் என்று விடுதியில் ஒரு சீனியர் சொல்லியிருக்கிறார். இந்தக் கதை எல்லா ஊரிலும் உலவுகிறது, எங்கே கிளம்பியது என்று தெரியாது. பொய். கார்டைப் பயன்படுத்தி முழுதாகக் கட்டினாலே வரலாறு பதிவாகிறது, அதற்காக ஒரு காசு வட்டி கொடுக்கத் தேவையில்லை. பல இடங்களில் பில் தேதியன்று நிற்கும் தொகைதான் கடன் வரலாற்றில் போய்ச் சேரும் என்பதால், பெரிய செலவு செய்த மாதம் பில் போடும் முன்பே கொஞ்சம் கட்டிவிட்டால் போதும்.

இப்போது

கார்டை வெட்டிப் போடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன், கணக்கின் வயதும் வரலாற்றில் சேர்த்திதான். அதே நிறுவனத்தில் ஆண்டுக் கட்டணம் இல்லாத வகைக்கு மாற்றித்தரக் கேட்டான், மாற்றினார்கள். லிமிட்டை 6,000 ஆகக் குறைக்கச் சொன்னான். லிமிட் குறைந்தால் பயன்பாட்டு விகிதம், அதாவது லிமிட்டில் எத்தனை பங்கு கடனாக நிற்கிறது என்பது, கூடித் தெரியும் என்று சிலர் சொல்வார்கள், சரிதான், ஆனால் மாதம் 3,000 சம்பாதிக்கும் ஒருவனுக்கு இரண்டு மாத வருமானத்துக்கு மேல் லிமிட் எதற்கு என்பது என் கட்சி. பில் பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோபே வைத்தான், குறைந்தபட்சத்துக்கு இல்லை, மொத்தத் தொகைக்கு. இதை அமைக்கும்போதும் செயலி முதலில் காட்டியது குறைந்தபட்சத்தைத்தான்.

1950இல் வந்த டைனர்ஸ் கிளப் அட்டையில் மாதக் கணக்கை முழுதாகத் தீர்த்தாக வேண்டும், பாக்கியைச் சுழலவிடும் வசதி பரவியது 1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஃபிரெஸ்னோ நகரில் இறக்கிய அட்டைக்கு அப்புறம் என்று அவனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "அப்ப என்னோடது 1950 மாடல்" என்றான்.

போன மாதம் ஒரு புது சந்தேகத்தோடு வந்தான். 640க்கு வாங்கிய ஒரு பொருளை, பில் போட்ட பிறகு திருப்பிக் கொடுத்திருக்கிறான், பணம் கார்டுக்கே திரும்பி வந்துவிட்டது. பில் 1,310. "அப்ப 670 கட்டினா போதுமா மாமா, இல்ல முழுசா கட்டணுமா?" திரும்பி வந்த பணத்தைக் கட்டிய கணக்கில் சேர்ப்பார்களா இல்லையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவர்களிடம் கேட்டுத் தெளிவாகும்வரை 1,310 முழுதும் கட்டு, 640 வரவில் நிற்கும், அடுத்த பில்லில் கழிந்துவிடும் என்றேன். மூன்றாம் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, சரிபார்க்கத்தான் கேட்டேன் என்றான்.